நீக்குதலும் அழித்தலும்

தமிழில் ஒரே பொருளைத் தருவனபோலத் தோன்றி, ஆராயுமிடத்து வேறுபட்டு நிற்கும் சொற்கள் பல உள. நீக்குதல், அழித்தல் என்னும் இரண்டும் அத்தகையன. பாடசாலையை விட்டு விலகிய மாணவன் ஒருவனின் பெயரை வரவு இடாப்பிலிருந்து நீக்குகின்றோம். பெயர் நீங்கியதனால் அம்மாணவன் இல்லாதொழிந்து விடுவதில்லை. தன் வீட்டிலோ வேறோர் ஊரிலோ இருந்துகொண்டே இருக்கின்றான். கரும்பலகையில் எழுதியதைத் துடைத்து, அதன்மேல் வேறொன்றை எழுதிவிட்டாலோ, முன்னை எழுத்தை எவராலும் வாசிக்க முடியாது. முன்னையது நீக்குதல்; பின்னையது அழித்தல். சொற்பொருள் வேறுபாடுகளை மாணவர்க்குப் பல ஆண்டுகளாகப் போதித்துவந்த யான், கணினியின் முன்னே இவ்வேறுபாட்டை மறந்துபோனேன். அம்மறதியினால் நேரவிருந்த தீங்கே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நம்முடைய பாடசாலைகளிலும் வீடுகளிலும் கணினி புகுந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. முதலில் வாங்கியவை பழுதடைந்துவிட்டன. அவற்றின் பின் வாங்கியவையும் பழையனவாகிவிட்டன. அவற்றைச் சிலர் விற்கின்றனர். சிலர் வசதி குறைந்த மாணவர்க்கு நன்கொடையாக வழங்குகின்றனர். சிலர் பழைய இரும்பு வாங்க வருவோரிடம் நிறுத்துக் கொடுக்கின்றனர். அவ்வாறு கைவிடும்போது, அவற்றினுள்ளே எழுதிவைத்தவை என்னாகின்றன என்பதை நம்முட் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் கல்லூரியின் பழைய மாணவருள் வைத்தியர் உளர், சட்டத்தரணிகள் உளர், கணக்காளரும் வங்கி அலுவலரும் ஆசிரியரும் உளர். பிறருடைய இரகசியங்களைக் கையாளும் தொழிலினர் ஆதலின், இவ்விடயம் அவர்க்குச் சிறப்பாகப் பொருந்தும்.

ஓர் அநுபவம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் எனது பழைய மடிக்கணினியை விற்றுவிடக் கருதினேன். வகுப்பாசிரியனாகக் கடமையாற்றிய காலமெல்லாம் அதனையே பயன்படுத்தி வந்தேன். விற்பதற்கு முதல்நாள் கோப்புகள் அனைத்தையும் தெரிவுசெய்து நீக்கினேன். மீள்சுழற்சித் தொட்டியையும் வெறுமையாக்கினேன். திரையிலே ஒன்றுமில்லை. வீடு கூட்டி முடித்தவனைப்போல மனநிறைவு கொண்டேன்.

அன்று மாலை, உயர்தர வகுப்பில் தகவல் தொழினுட்பம் பயிலும் மாணவன் ஒருவன் மன்ற வேலையாக என் வீட்டுக்கு வந்தான். மேசையிலிருந்த கணினியைக் கண்டு, “சேர், இதிலிருந்தவற்றை அழித்துவிட்டீர்களா?” என்று வினவினான்.

“அழித்துவிட்டேன் தம்பி. தொட்டியையும் வெறுமையாக்கிவிட்டேன்” என்றேன்.

“ஒருமுறை பார்க்கட்டுமா, சேர்?” என்று பணிவாகக் கேட்டான். தன்னிடமிருந்த பென் ட்ரைவிலிருந்து, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் ஒன்றை இயக்கினான். யாம் தேநீர் அருந்தி முடிப்பதற்குள் திரையில் நீண்டதொரு பட்டியல் தோன்றலாயிற்று. பல ஆண்டுப் புள்ளிப் பட்டியல்கள் இருந்தன. மாணவரின் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களின் பிரதிகளும், பெற்றோரின் தேசிய அடையாள அட்டைகளின் பிரதிகளும் இருந்தன. அவற்றின் இடையே, ஒரு மாணவன் நெடுநாளாகப் பாடசாலைக்கு வராமைக்கான குடும்பக் காரணத்தைத் தெரிவித்து, அவனுடைய தாயின் வேண்டுகோளின்படி அதிபருக்கு யான் எழுதிய கடிதமும் இருந்தது. அதன் கோப்பின் பெயரிலேயே அம்மாணவனின் பெயர் இருந்தது.

என்னெதிரே இருந்த பிள்ளை அக்கடிதத்தைத் திறக்கவில்லை. திரையை என் பக்கமாகத் திருப்பிவைத்துவிட்டு, தான் வெளியே முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய அந்தப் பண்பு என்னை மிகவும் நாணச் செய்தது. அக்கடிதத்திலுள்ள செய்தி எனக்கு உரியதன்று. தன் துயரத்தை வேறு எவரிடமும் சொல்ல இயலாத ஒரு தாய் என்னை நம்பி ஒப்படைத்தது. அடைக்கலமாக வந்த பொருளை அறியாமையினால் சந்தையிலே விற்க முற்பட்டேன் என்பதே உண்மை.

நீக்கும்போது நிகழ்வது யாது?

இவ்வாறு நேர்வதற்குக் காரணம் யாது? பெரியதொரு நூல்நிலையத்தை மனத்திற் கொள்க. அலுமாரிகளிலே நூல்கள் அடுக்கப்பட்டுள்ளன. எந்த நூல் எந்தத் தட்டில் உள்ளது என்பதைப் பட்டியல் அட்டைகள் காட்டுகின்றன. ஒரு நூலின் அட்டையைக் கிழித்தெறிந்துவிட்டால், அட்டையைப் பார்த்துத் தேடுபவனுக்கு அந்நூல் இல்லை. ஆயின், அலுமாரிகளைத் தட்டுத் தட்டாகப் பார்த்துவருபவனுக்கு அது கிடைத்துவிடும். புதிய நூலொன்று அவ்விடத்தில் வைக்கப்படும் வரையில் பழைய நூல் அங்கேதான் இருக்கும்.

கணினியின் வன்றட்டிலும் நிகழ்வது இதுவே. கோப்புகளின் பெயரும் அவை இருக்கும் இடமும் ஓர் அட்டவணையில் எழுதப்பட்டிருக்கும். ‘நீக்கு’ என்று கட்டளையிடும்போது, பெரும்பாலும் அவ்வட்டவணைக் குறிப்பே மாற்றப்படுகின்றது. அவ்விடம் இனி வேறொன்றை எழுதுவதற்கு உரியதெனக் குறிக்கப்படுகின்றது. எப்.ஏ.ரி. என்னும் பழைய முறையிலே, நீக்கிய கோப்பின் பெயரிலுள்ள முதலெழுத்தின் இடத்தில் ஓர் அடையாளம் இடப்படும். அக்கோப்புக்குரிய இடங்கள் வெற்றிடமெனக் கணக்கிடப்படும். கோப்பின் உள்ளடக்கம் அப்படியே கிடக்கும். கோடிக்கணக்கான எழுத்துகளை மீள எழுதுவதினும் ஒரு குறிப்பை மாற்றுதல் விரைவானது ஆதலின், கணினியை அமைத்தோர் இம்முறையைக் கைக்கொண்டனர்.

‘விரைவு வடிவமைப்பு’ எனப்படுவதும் இத்தகையதே. அது பழைய பட்டியலை எடுத்துவிட்டு வெறும் பட்டியலொன்றை வைக்கின்றது. தட்டுகளிலுள்ள நூல்களைத் தொடுவதில்லை. விண்டோஸ் விஸ்டா பதிப்புத் தொடக்கம், விண்டோஸில் செய்யப்படும் முழு வடிவமைப்பு, தட்டு முழுவதும் பூச்சியத்தை எழுதுகின்றது. அதற்கு முந்திய பதிப்புகளிலோ, முழு வடிவமைப்பும் பழுதுள்ள இடங்களைச் சோதித்ததேயன்றிப் பழைய எழுத்தை அழிக்கவில்லை.

உலகிற் கண்ட உதாரணங்கள்

இக்குற்றம் யான் ஒருவன் மாத்திரம் செய்ததன்று. ஐக்கிய அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த சிம்சன் கார்பிங்கல், அபி ஷெலட் என்னும் இருவர், பழைய பொருட் சந்தையில் 158 வன்றட்டுகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்து, தம் முடிவை 2003 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவற்றுள் இயங்கக்கூடியனவாக இருந்தவை 129. முறையாக அழிக்கப்பட்டிருந்தவை 12 மாத்திரமே. ஏனையவற்றிலிருந்து 5,000 இற்கு மேற்பட்ட கடனட்டை இலக்கங்களும், மருத்துவச் செய்திகளும், அந்தரங்கக் கடிதங்களும் வெளிப்பட்டன. ஒரு தட்டு வங்கியொன்றின் பணம் வழங்கும் இயந்திரத்திலிருந்து வந்ததாகக் காணப்பட்டது.

செல்வமும் வல்லுநரும் நிறைந்த நிறுவனங்களும் இதில் வழுவியுள்ளன. மோர்கன் ஸ்ரான்லி என்னும் நிதி நிறுவனம், 2016 இல் தன் தரவு நிலையங்கள் இரண்டை மூடியபோது, தரவழிப்பிலே பயிற்சியில்லாத பொருளேற்றிச் செல்லும் நிறுவனம் ஒன்றிடம் அவ்வேலையை ஒப்படைத்தது. வாடிக்கையாளரின் செய்திகள் அழியாத நிலையிலேயே சில கருவிகள் ஏலத்தில் விற்பனையாயின. ஏறத்தாழ 150 இலட்சம் வாடிக்கையாளரின் செய்திகள் காக்கப்படாமை குறித்து, 2022 இல் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணைக்குழு 350 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது.

பாடசாலை அலுவலகங்கள் கருத்திற் கொள்ளவேண்டிய மற்றோர் உதாரணமும் உண்டு. போட்டோப் பிரதி இயந்திரங்கள் பலவற்றின் உள்ளேயும் வன்றட்டு உண்டு. பிரதியெடுத்த பத்திரங்களின் உருவம் அதிலே தங்கிவிடக்கூடும். 2010 இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று பழைய பிரதி இயந்திரங்களை வாங்கி ஆராய்ந்தபோது, மருத்துவக் காப்புறுதி நிறுவனமொன்று பயன்படுத்திய இயந்திரத்தில் நோயாளரின் பத்திரங்கள் வெளிப்பட்டன. 344,579 பேர் வரையில் அதனாற் பாதிக்கப்பட்டிருக்கலாமென அந்நிறுவனம் அறிவித்தது. 2013 இல் 12 இலட்சம் டொலருக்கு மேல் செலுத்த நேர்ந்தது.

வன்றட்டை அழிக்கும் முறை

சுழலும் வன்றட்டிலே காந்தப் பூச்சுடைய வட்டத் தட்டுகள் உள்ளன. எழுத்துகள் காந்தப் புள்ளிகளாக அவற்றின்மேற் பதியப்படுகின்றன. அவற்றை அழிக்க வேண்டுமாயின், தட்டு முழுவதும் பூச்சியத்தையோ பொருளற்ற எழுத்துகளையோ எழுதிவிடல் வேண்டும். இதனை மேலெழுதுதல் என்பர்.

எத்தனை முறை மேலெழுதல் வேண்டும்? 1996 இல் நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீற்றர் கட்மன் என்பார், 35 முறை எழுதும் முறையொன்றை ஓர் ஆய்வுரையில் வெளியிட்டார். அக்காலத்தில் வழங்கிய பல்வேறு பதிவுமுறைகள் அனைத்தையும் ஒருங்கே கருதியே அவ்வெண்ணிக்கை அமைந்தது. ஒரு தட்டுக்கு 35 முறையும் வேண்டுவதில்லையென அவரே பின்னர் விளக்கினார். எனினும், பலர் அதனைச் சடங்குபோலப் பின்பற்றி வந்தனர். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நியமங்கள், தொழினுட்ப நிறுவகம் இப்பொருள் பற்றி 2006 இல் வெளியிட்டு 2014 இல் திருத்திய வழிகாட்டி, புதிய வன்றட்டுகளுக்கு ஒருமுறை முற்றாக மேலெழுதுதல் பொதுவாகப் போதுமென உரைத்தது. 500 கிகாபைற்று கொள்ளளவுள்ள தட்டு, வினாடிக்கு 100 மெகாபைற்று வீதம் எழுதுமாயின், 5,000 வினாடியில், அஃதாவது ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைந்த நேரத்தில், இவ்வேலை முடிந்துவிடும்.

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில், கணினியை மீளமைக்கும்போது தட்டையும் துப்புரவாக்குமாறு தெரிவுசெய்யும் வசதி உண்டு. அத்தெரிவைச் செய்யாது மீளமைத்தல் போதாது. தனியே இணைத்த தட்டாயின், முன்னர்க் கூறிய முழு வடிவமைப்பையோ, டிஸ்க்பார்ட் என்னும் கருவியின் ‘கிளீன் ஓல்’ என்னும் கட்டளையையோ பயன்படுத்தலாம். பின்னையதைக் கையாள்வோர் தட்டின் இலக்கத்தை இருமுறை சரிபார்த்தல் வேண்டும். இலக்கம் மாறினால், காக்கவேண்டிய தட்டு அழிந்துபோகும்.

எஸ்.எஸ்.டி.யின் இயல்பு

அண்மைக்காலக் கணினிகளிற் பெரும்பாலானவற்றில் சுழலும் தட்டு இல்லை. எஸ்.எஸ்.டி. எனப்படும் அசையாச் சேமிப்பகமே உள்ளது. பென் ட்ரைவும் நினைவக அட்டையும் இவ்வினத்தனவே. இவற்றிலே எழுதிய இடத்தின்மேல் நேரே மறுபடி எழுத முடியாது. ஒரு தொகுதியை முற்றாக வெறுமையாக்கிய பின்னரே மீள எழுத இயலும். அன்றியும், ஒரே இடம் அடிக்கடி எழுதப்பட்டுத் தேய்ந்துபோகாதவண்ணம், உள்ளிருக்கும் கட்டுப்படுத்தி புதிய எழுத்தை வேறிடத்துக்கு மாற்றிவிடும். ஆதலின், பழைய கோப்பின் மேல் எழுதுவதாக நாம் எண்ணினும், உண்மையில் அது வேறோரிடத்தில் எழுதப்பட, பழைய பிரதி நம் கண்ணுக்குப் புலப்படாத பகுதியில் எஞ்சியிருக்கக்கூடும்.

2011 இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் இதனைச் சோதித்தனர். ஒரு கோப்பை மாத்திரம் தனியே அழிக்க வன்றட்டுக்கென வகுக்கப்பட்ட முறைகளுள் ஒன்றேனும் எஸ்.எஸ்.டி.யிற் பயன்தரவில்லை. கருவியின் உள்ளே அமைந்த அழிப்புக் கட்டளை நன்கு அமைந்தவிடத்து முற்றாக அழித்தது. ஆயினும், அவர்கள் சோதித்த கருவியொன்று, வேலை முடிந்ததென அறிவித்தபின்னும் எல்லாவற்றையும் அப்படியே வைத்திருந்தது. ஆதலின், அழித்தபின் சோதித்துப் பார்த்தல் இன்றியமையாதது.

பூட்டும் திறவுகோலும்

எஸ்.எஸ்.டி.க்கும் கையடக்கத் தொலைபேசிக்கும் மிகவும் ஏற்ற வழி, தொடக்கத்திலிருந்தே மறைகுறியாக்கம் செய்துகொள்வதாகும். இம்முறையில் எழுதுவன யாவும் ஒரு திறவுகோலினால் உருமாற்றப்பட்டே பதியப்படும். திறவுகோல் இருப்பவருக்கு அது வாசிக்கத்தக்கது. இல்லாதவருக்குப் பொருளற்ற எழுத்துக் குவியல். கருவியைக் கைவிடும்போது திறவுகோலை அழித்துவிட்டால், தட்டிலே எது எஞ்சியிருப்பினும் எவருக்கும் பயன்படாது. பெட்டகம் பூட்டியபடி இருக்க, அதன் ஒரேயொரு திறப்பை உருக்கிவிடுவது போன்றது இது. திறவுகோலின் பிரதி வேறெங்கேனும் சேமிக்கப்பட்டிருந்தால் அதனையும் நீக்குதல் வேண்டும்.

ஐபோனிலும், அண்ட்ரொயிட் பத்தாம் பதிப்புடன் 2019 இன் பின் வெளிவந்த தொலைபேசிகளிலும் மறைகுறியாக்கம் இயல்பாகவே அமைந்துள்ளது. அவற்றில் தொழிற்சாலை நிலைக்கு மீளமைத்தல், திறவுகோலை அழிக்கும் செயலாகும். அதற்கு முன், தமது கணக்குகளிலிருந்து வெளியேறுதலும், சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் கழற்றி எடுத்தலும் வேண்டும். நினைவக அட்டையை மறந்து தொலைபேசியை விற்போர் பலர். கணினியாயின், வாங்கிய நாளிலேயே மறைகுறியாக்கம் உளதா என்று பார்த்து, இல்லையேல் அதனை ஏற்படுத்திக்கொள்க.

உடைத்தல்

பழுதடைந்து இயங்காத தட்டிலே மேலெழுத முடியாது. இயங்காதது ஆதலால் அபாயமில்லை என்று கருதலாகாது; திருத்த வல்லார் கையிற் கிடைப்பின் அது மறுபடி இயங்கும். அத்தகையதை உடைத்துவிடுதலே தக்கது. வன்றட்டாயின், உறையைக் கழற்றி, உள்ளிருக்கும் வட்டத் தட்டுகளைப் பல இடங்களில் துளைத்தோ நசுக்கியோ விடல் வேண்டும். மடிக்கணினித் தட்டுகள் பலவற்றில் வட்டத் தட்டு கண்ணாடியினால் ஆனது. சிதறுமாகையால் கண்ணுக்குக் காப்பும் கைக்கு உறையும் அணிக. எஸ்.எஸ்.டி.யாயின், உள்ளிருக்கும் சிறு கரிய சில்லுகள் ஒவ்வொன்றையும் உடைத்தல் வேண்டும். ஒன்று தப்பினும் அதிலுள்ளவை தப்பிவிடும்.

நீரில் ஊறவைத்தலும், வீட்டிலுள்ள சிறு காந்தத்தால் தேய்த்தலும் பயனற்றவை. எரித்தலோ நச்சுப்புகையைத் தரும். தொலைபேசியை மின்கலத்தோடு துளைத்தலும் நசுக்குதலும் தீப்பற்றச் செய்யும். உடைந்தவற்றைக் குப்பையில் இடாது, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற இலத்திரனியற் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைத்தல் நன்று.

பாடசாலைகள் கைக்கொள்ளத்தக்கன

பாடசாலைகளும் அலுவலகங்களும் பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளலாம்.

1. கழிக்கப்படவிருக்கும் ஒவ்வொரு கருவியையும், அதனுள்ளிருக்கும் சேமிப்பகத்தின் தொடரிலக்கத்தோடு பதிவேட்டில் எழுதுக. பிரதி இயந்திரத்தையும் பென் ட்ரைவையும் மறவற்க.

2. காக்கவேண்டிய ஆவணங்களை வேறிடத்திற் பிரதிசெய்து, அப்பிரதி திறக்கின்றதா என்று பார்க்க.

3. கருவியின் வகையறிந்து, மேலெழுதுதல், உள்ளமைந்த அழிப்புக் கட்டளை, திறவுகோல் அழித்தல், உடைத்தல் என்பனவற்றுள் ஏற்றதைச் செய்க.

4. செய்தவரல்லாத வேறொருவர், மீட்கும் மென்பொருளைக் கொண்டு சோதிக்க.

5. இருவரும் திகதியிட்டு ஒப்பமிட்ட பின்னரே கருவி பாடசாலையை விட்டு வெளியேற விடுக.

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய தரவைக் கையாள்வோர் அதனைப் பாதுகாத்தலையும், தேவைக்கு மேற்பட்ட காலம் வைத்திராமையையும் கடமையாக வகுத்துள்ளது. சட்டம் இருப்பினும் இல்லாவிடினும், தன் பிள்ளையின் பத்திரங்களை ஒரு தாய் நம்பிக்கையோடு மேசையில் வைத்த அன்றே அக்கடமை ஆசிரியனுக்கு உண்டாகிவிடுகின்றது.

காத்தற்குரியதும் அழித்தற்குரியதும்

அழித்தலைப் பற்றி யாழ்ப்பாணத்திலே எழுதுவது எளிதன்று. ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் செல்லரித்த ஏடுகளைத் தேடி அச்சிற் பதிப்பித்துக் காத்த மரபு நமது மரபு. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பரான துயரம் இன்னும் ஆறவில்லை. ஆதலின், பழைய எழுத்து எதனையும் அழிக்க நம் கை கூசுகின்றது. அக்கூச்சம் நல்லதே. ஆயினும், ஊருக்கு உரிய எழுத்து வேறு. ஒருவருக்கு மாத்திரம் உரிய எழுத்து வேறு. முன்னையதைக் காக்கத் தவறுதல் எத்துணைக் குற்றமோ, பின்னையதை உரிய காலத்தில் அழிக்கத் தவறுதலும் அத்துணைக் குற்றமாகும். இக்காரணம் பற்றியே, அழிக்குமுன் ஆய்ந்து பிரித்துக் காக்கவேண்டியதைக் காக்குமாறு மேலே கூறினேன்.

அன்றிரவு அம்மாணவனின் உதவியோடு எனது மடிக்கணினியின் வன்றட்டை முற்றாக மேலெழுதினேன். மறுநாட் காலை அவன் மீண்டும் வந்து, அதே மென்பொருளை இயக்கிச் சோதித்தான். நெடுநேரம் தேடியும் பட்டியலில் ஒரு பெயர்தானும் தோன்றவில்லை. “இப்போது விற்கலாம், சேர்” என்றான். இலக்கணம் போதித்த எனக்கு இரண்டு சொற்களின் வேறுபாட்டைக் கற்பித்தவன் அவன். இவ்விழா ஆண்டிலே பழைய கணினியைக் கைவிட எண்ணும் அன்பர் ஒவ்வொருவரும், அதனைக் கொடுப்பதற்கு முன், ‘நீக்கினேனா, அழித்தேனா?’ என்று தம்மைத் தாமே ஒருமுறை வினவிக்கொள்வாராக.